ஆடாத படகு

எங்கள் ஆர்.எஸ்.புரத்தில் கடல் இல்லை. கடலைப் பற்றிய அபிப்பிராயங்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. வங்காள விரிகுடாவில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உண்டாகிவிட்டால் போதும். திவான் பகதூர் ரோட்டில் காப்பி சாப்பிடுகிறவர்கள் அத்தனை பேரும் மாலுமிகளாகிவிடுவார்கள். எங்கேயோ ஒரு படகு கவிழ்ந்தது, நாலு பேரைக் காணோம் என்று மறுநாள் பத்திரிகையில் வரும். கூடவே தீர்ப்பும் வந்துவிடும். "இத்தனூண்டு படகை எடுத்துக்கொண்டு இந்தக் காற்றிலே போவானா ஒருத்தன்? ஒன்று பேராசை, இல்லாவிட்டால் அறியாமை." தீர்ப்பு முடிந்ததும் காப்பியும் முடிந்துவிடும்.

இந்தத் தீர்ப்பை எதிர்த்துத்தான் இந்தக் கட்டுரை. கடலுக்குப் போகிறவன் எப்போதும் சரியாகவே முடிவு செய்கிறான் என்று நான் வாதாட வரவில்லை. ஒரு சிறிய பாய்மரப் படகு கொந்தளிப்பைத் தாங்குமா, தாங்காதா என்று சொல்ல வேண்டுமானால் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். தீர்ப்புச் சொல்லுகிற நம்மவர்கள் அவற்றில் ஒன்றைக்கூடக் கேட்பதில்லை. அளவைப் பார்க்கிறார்கள்; ஆடுகிறதா என்று பார்க்கிறார்கள். இரண்டும் ஏமாற்று வித்தைகள்.

"நீரும் கோயமுத்தூர்க்காரர்தானே, உமக்கென்ன தெரியும் கடலைப் பற்றி?" என்று கேட்கலாம். கேட்கட்டும். கடல் நமக்கு இல்லையே தவிர, கடல் காற்று நமக்கு நிறைய உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் நம் வீட்டு ஜன்னல் கதவுகளைப் படார் படாரென்று அடிக்கிற காற்று, அரபிக் கடலிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குப் பருவக்காற்று. பல்லடத்திலும் உடுமலைப்பேட்டையிலும் காற்றாலைகளைச் சுழற்றுகிறதும் அதுதான். நமக்கு மின்சாரமாக வந்து சேருகிற அதே காற்று, மேற்குக் கரையில் சிறு படகுகளைக் கரையோடு கட்டிப் போடுகிறது. காற்று நமக்குப் பழக்கமானது. அதை வாங்கிக்கொள்கிற படகைப் பற்றித்தான் நமக்கு ஒன்றும் தெரியாது.

முதலில் அளவை எடுத்துக்கொள்வோம். பெரியது பத்திரம், சிறியது ஆபத்து என்பது நம்முடைய அசைக்க முடியாத நம்பிக்கை. கல்யாண மண்டபத்திலிருந்து கப்பல் வரையில் நாம் இப்படித்தான் அளக்கிறோம். 1912 ஏப்ரலில், அலையே இல்லாத அமைதியான ஓர் இரவில், அன்றைய உலகத்தின் மிகப் பெரிய கப்பலாகிய டைட்டானிக் முழுகிச் சுமார் 1,500 பேர் இறந்தார்கள். நான்கு வருஷங்கள் கழித்து, 1916 ஏப்ரல் 24ஆம் தேதி, ஷாக்கிள்டன் என்பவரும் ஐந்து தோழர்களும் அண்டார்க்டிகாவுக்கு அருகே எலிஃபண்ட் தீவிலிருந்து ஒரு சிறு படகில் புறப்பட்டார்கள். அதன் நீளம் இருபத்திரண்டரை அடி. நம் வீட்டுக் கூடத்தைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். உலகத்திலேயே மிக மோசமான கடலில் ஏறக்குறைய 800 கடல் மைல் போய், மே 10ஆம் தேதி தெற்கு ஜார்ஜியாத் தீவில் ஆறு பேரும் உயிரோடு கரையேறினார்கள்.

அதிருஷ்டம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளாதீர்கள். அதிருஷ்டமும் இருந்தது, ஆனால் புறப்படுமுன் அவர்களுடைய தச்சர் செய்த வேலையைக் கவனியுங்கள். படகின் விளிம்பை உயர்த்தினார். பெட்டிப் பலகைகளையும் கித்தான் துணியையும் கொண்டு திறந்த படகுக்கு ஒரு மூடி போட்டார். அடியில் கற்களை அடுக்கினார்கள். மேலே மூடி, கீழே பாரம்: தண்ணீர் உள்ளே வரக்கூடாது, சாய்ந்தால் நிமிர வேண்டும். படகின் அளவு மாறவில்லை, அதன் குணம் மாறிவிட்டது.

நம் வாசகர்களுக்கு இது புதுச் செய்தியும் அல்ல. 'பொன்னியின் செல்வ'னில் இடி விழுந்து கப்பல் எரிகிறபோது வந்தியத்தேவனையும் இளவரசரையும் கரை சேர்ப்பது பூங்குழலியின் சின்னப் படகுதான். மூன்று தலைமுறையாக அதைப் படித்துவிட்டு, "ஆகா, என்ன பெண்!" என்று சொல்லிக்கொண்டு வருகிறோம். கதையில் படகு சிறியதாக இருந்தால் அது வீரம். பத்திரிகைச் செய்தியில் சிறியதாக இருந்தால் முட்டாள்தனம். இது என்ன நியாயம்?

அடுத்தது ஆட்டம். இதுதான் மிகவும் பொல்லாத ஏமாற்று. படகுத் துறையில் ஒரு காலை எடுத்து வைக்கிறோம். படகு வெடுக்கென்று சாய்கிறது. "ஐயையோ, இது வேண்டாம்" என்று அடுத்த படகுக்குப் போகிறோம். அது அகலமாக, மேலே ஒரு மாடியும் வைத்து, திண்ணை மாதிரி அசையாமல் நிற்கிறது. குழந்தை குட்டிகளோடு ஏறி மேல் மாடியில் உட்கார்ந்துகொள்கிறோம். காற்று வரும் அல்லவா!

2009 செப்டம்பர் 30ஆம் தேதி தேக்கடி ஏரியில் கவிழ்ந்து 45 பேரைக் கொண்டுபோனது அப்படிப்பட்ட இரட்டை மாடிப் படகுதான். 2023 மே 7ஆம் தேதி தானூரில் 22 பேரைக் கொன்றதும் மாடி வைத்த படகுதான். மீன்பிடிப் படகாக இருந்ததை உல்லாசப் படகாக மாற்றி, அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றினார்கள். இரண்டு இடத்திலும் புயல் இல்லை. மலை போன்ற அலை இல்லை. இரண்டும் கோயமுத்தூரிலிருந்து நாம் விடுமுறைக்குப் போகிற தூரந்தான். கொந்தளிப்பில் போனவர்களைப் பார்த்து அறியாமை என்கிற நாம், குளம் போல் கிடக்கிற தண்ணீரில், மாடிப் படகில், பணம் கொடுத்து ஏறுகிறோம்.

இதன் சூட்சுமம் நம் கொங்கு நாட்டுக் குடியானவர் எவருக்கும் தெரியும். வைக்கோல் வண்டியில் பாரம் ஏற ஏற என்ன ஆகிறது? நிறுத்தி வைத்திருக்கும்போது வண்டி கோயில் தேர் மாதிரிக் கம்பீரமாகத்தான் நிற்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கட்டும். சாய்கிற வண்டியைப் பத்துப் பேர் சேர்ந்தாலும் நிறுத்த முடியாது. அதே எடையுள்ள நெல் மூட்டைகளை அடியில் பரத்தி ஏற்றினால், வண்டி குலுங்கும், ஆனால் சாயாது. பாரம் எவ்வளவு என்பதைவிட எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம்.

படகுகளில் இரண்டு ஜாதி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கயிற்றுக் கட்டிலைப் போன்றது. அகலத்தினால் நிற்கிறது. லேசில் ஆடாது. ஆனால் ஒரு தடவை கவிழ்த்துவிட்டால், கவிழ்ந்த நிலையிலும் அதே உறுதியோடு ஆடாமல் கிடக்கும். மற்றொன்று தஞ்சாவூர்ப் பொம்மை. தொட்டாலே சாயும். அடியில் கனமான களிமண் இருப்பதால், தரையோடு தரையாக அழுத்தினாலும், கையை எடுத்தவுடன் எழுந்து நிற்கும். பாய்மரப் படகின் அடியில் ஈயத்தாலோ இரும்பாலோ வைக்கிற கனமான அடிக்கட்டை அந்தக் களிமண்தான். துறையில் கட்டில் ஜெயிக்கும். புயலில் பொம்மை ஜெயிக்கும். நாமோ துறையில் நின்றுகொண்டு தேர்ந்தெடுக்கிறோம்.

இன்னொரு சங்கதி. சாய்ந்த படகு சட்டென்று நிமிர்ந்தால் பிரயாணிக்கு வயிற்றைப் புரட்டும். மெதுவாகச் சாய்ந்து, ஒரு கணம் யோசித்து, சொகுசாக நிமிர்கிற படகில் தூக்கம் வரும். அந்த யோசனைதான் அபாயம். நிமிர்வதற்கு அதனிடம் பலம் குறைவு என்று அர்த்தம். பழைய மாலுமிகள் ஆட்டத்தின் வேகத்தை எண்ணியே படகின் ஆரோக்கியத்தைச் சொல்லிவிடுவார்கள், வைத்தியர் நாடி பிடிப்பது போல.

இதை ஊகத்துக்கு விட வேண்டிய அவசியமும் இல்லை, அளந்து பார்க்கலாம். மேல்தட்டில் ஒரு தெரிந்த எடையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தி, உள்ளே தொங்குகிற தூக்குக்குண்டு எவ்வளவு விலகுகிறது என்று குறித்துக்கொண்டால் போதும். கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிற அதே தூக்குக்குண்டு. ஒரு பம்பு செட்டு தண்ணீர் தள்ளுகிறதா என்று ஓட்டிப் பார்க்காமல் நம் ஊர்ப் பட்டறைக்காரர் விற்கமாட்டார், வாங்குகிறவரும் விடமாட்டார். இருபது குழந்தைகளை ஏற்றுகிற படகுக்குத் தூக்குக்குண்டு பிடித்தீர்களா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

அளந்து பார்க்காததன் விலையை மேல்நாட்டுக்காரர்களும் கொடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் தெற்குக் கரையிலிருந்து அயர்லாந்துக்கு அருகேயுள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றித் திரும்புகிற பந்தயம் ஒன்று உண்டு. 1979 ஆகஸ்டில் அதில் 303 பாய்மரப் படகுகள் புறப்பட்டன. 13ஆம் தேதி இரவு புயல் பிடித்தது. 15 போட்டியாளர்கள் மாண்டார்கள். 24 படகுகளை விட்டு ஆட்கள் வெளியேறினார்கள். ஆகச் சிறிய படகுகள் கொண்ட பிரிவில் பந்தயத்தை முடித்தது ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் அசென்ட். கான்டெஸ்ஸா என்னும் வகையைச் சேர்ந்த 32 அடிப் படகு. ஒடுக்கமானது, அடி கனத்தது. நம் தஞ்சாவூர்ப் பொம்மையின் ஜாதி.

அந்த வகைப் படகை ஏறக்குறைய 155 பாகை வரை சாய்த்தாலும் அது நிமிரத்தான் பார்க்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 90 பாகை என்றால் பாய்மரம் தண்ணீரில் படுத்துவிட்டது. 180 என்றால் தலைகீழ். ஆகவே அது தலைகீழாகப் போனாலும் அடுத்த அலை ஒரு தட்டுத் தட்டினால் எழுந்துவிடும். வேகத்துக்காக அகலமாகவும் லேசாகவும் கட்டிய படகுகள் பலவற்றில் இந்த எல்லை 120 பாகைக்கு அக்கம்பக்கமாகவே இருந்துவிடுகிறது. அவை கவிழ்ந்தால் கவிழ்ந்தபடியே காத்திருக்கும். உள்ளே இருக்கிறவர்களால் காத்திருக்க முடியுமா?

பின்னர் செய்த பரிசோதனைகளில் இன்னொரு கணக்கும் கிடைத்தது. படகின் நீளத்தில் 30 சதவிகித உயரமுள்ள அலை, உடைந்து, பக்கவாட்டில் மோதினால் படகைக் கவிழ்க்கப் போதும். 60 சதவிகிதமானால் எந்தப் படகையும் முழுச் சுற்றுச் சுற்றிவிடும். முப்பதடிப் படகுக்கு ஒன்பதடி அலை! இந்த இடத்தில் சிறிய படகு தோற்கத்தான் செய்கிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் 'உடைந்து', 'பக்கவாட்டில்' என்ற இரண்டு வார்த்தைகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். உடையாத அலை எவ்வளவு பெரியதானாலும் படகைத் தூக்கி இறக்கும், அவ்வளவுதான். பக்கத்தைக் காட்டுவதும் காட்டாமலிருப்பதும் சுக்கான் பிடிக்கிறவன் கையில் இருக்கிறது.

இப்போது நம் கரைக்கு வருவோம். ஒட்டி நிற்பது, நிமிர்வது என்கிற கவலையே இல்லாமல் கடலை ஜெயித்த ஓர் உபாயத்தை நம்முடைய மீனவர்கள் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் கட்டுமரம். ஆங்கிலேயர்கள் இரட்டை உடல் படகைக் 'கேட்டமரன்' என்று பெருமையாகச் சொல்லுகிறார்களே, அந்தச் சொல்லே நம்மிடம் வாங்கியதுதான். லேசான மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்தது. மேலே ஒரு முக்கோணப் பாய். நம் கண்ணுக்கு அது படகே இல்லை; நாலு கட்டை. பாவம், படகு வாங்க வக்கில்லாதவன் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். படகு எப்படி முழுகுகிறது? உள்ளே தண்ணீர் நிறைந்து முழுகுகிறது. கட்டுமரத்துக்கு 'உள்ளே' என்பதே கிடையாது. அலை மேலே ஏறும். இடுக்கு வழியே வழிந்து போகும். புரண்டால் புரட்டிப் போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியே காய வைப்பார்கள். நனைந்து ஊறிய மரம் மிதக்கும் பலத்தை இழந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். பிரயாணம் முடிந்ததும் படகையே பிரித்துப் பரீட்சை செய்து, மறுநாள் மறுபடி கட்டுகிற ஜாக்கிரதை உலகத்தில் வேறு எங்கே உண்டு?

சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால், கப்பலிலிருந்து துரைமார்கள் கரைக்கு வந்தது மசூலாப் படகில். அதில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு கரையலையில் தரை தட்டிப் பிளந்துபோகும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். அதற்குத் துணையாகக் கட்டுமரங்கள் கூட வரும், விழுந்தவர்களைத் தூக்குவதற்கு. வக்கில்லாதவனுடைய நாலு கட்டைதான் கவர்னர்களுக்கு உயிர்காப்பு.

கட்டுமரத்துக்குக் குறை இல்லையா? உண்டு. அது மனிதனை நனைத்து நடுங்க வைக்கும். நாள்கணக்கில் தங்க இடம் தராது. 2004 டிசம்பரில் வந்த ஆழிப் பேரலைக்குப் பிறகு கண்ணாடி இழைப் படகுகள் ஏராளமாக வந்து, அசல் கட்டுமரம் இன்று அபூர்வமாகிவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. அதைச் செய்தவனை அறிவிலி என்று சொல்லாதே என்கிறேன்.

தீர்ப்புக்காரர்களின் மூன்றாவது நம்பிக்கை: "காற்று வந்தால் சட்டென்று கரைக்குத் திரும்ப வேண்டியதுதானே?" கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் அலை உடைவது எங்கே? கரையில்தான். அலையின் உயரம் அங்குள்ள தண்ணீரின் ஆழத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கை எட்டும்போது அது தலைகுப்புற விழுகிறது. நடுக்கடலில் படகைத் தாலாட்டிய அலைதான் மணல் திட்டிலும் முகத்துவாரத்திலும் யமனாகிறது.

1746 செப்டம்பரில் சென்னைக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக் கடற்படை, அக்டோபரில் அந்தக் கரைக்கு எதிரிலேயே நங்கூரமிட்டு நின்றபோது புயலில் சிக்கிப் பல கப்பல்களை இழந்தது. கரையின் காவலில் நின்றதுதான் அவற்றுக்கு வினை. நம் காலத்துக்கு வந்தால், கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து மீனவர்கள் பலர் இறந்திருக்கிறார்கள். கடலையெல்லாம் தாண்டி வந்து, வீட்டு விளக்கு தெரிகிற இடத்தில்! தடுப்புச் சுவரை மாற்றிக் கட்டித் தாருங்கள் என்று அவர்கள் போராடியிருக்கிறார்கள். அங்கே பழுது படகிலா, துறைமுகத்திலா?

இனி மனிதனுக்கு வருகிறேன். அபிலாஷ் டோமி நம் கடற்படையில் அதிகாரியாக இருந்தவர். 2013ஆம் வருஷமே தனி ஆளாக, எங்கும் நிற்காமல் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவந்த முதல் இந்தியர். 2018இல் 'கோல்டன் குளோப்' பந்தயத்துக்குப் போனார். 1969 ஏப்ரல் 22ஆம் தேதி, 312 நாட்களில் முதன்முதலாக அப்படி உலகைச் சுற்றி முடித்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஓட்டிய 'சுஹைலி' நம் பம்பாயில் கட்டிய 32 அடித் தேக்குப் படகு. அதே அச்சில் கோவாவில் கட்டிய 'துரியா'வில் டோமி புறப்பட்டார். செப்டம்பர் 21ஆம் தேதி தெற்கு இந்து மகா சமுத்திரத்தில் புயல் படகைச் சுழற்றி அடித்தது. பாய்மரங்கள் முறிந்தன. அவருடைய முதுகெலும்பு உடைந்தது. 24ஆம் தேதி 'ஒசிரிஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பல் வந்து அவரைத் தூக்கிக்கொண்டது.

அப்போதும் நம்மிடம் தீர்ப்பு வந்தது: "அந்தக் காலத்துப் படகில் போனால் இப்படித்தான்." ஆனால் அந்தப் படகு தலைகீழாகப் போயும் நிமிர்ந்தது, முழுகவில்லை, எழுந்திருக்க முடியாத ஒரு மனிதரை மூன்று நாள் வைத்துக் காப்பாற்றியது. ஒரு படகிடம் இதைவிட என்ன எதிர்பார்க்கிறீர்கள்? ஃபாஸ்ட்நெட்டில் கைவிடப்பட்ட 24 படகுகளில் 19 பிறகு மிதந்தபடியே கிடைத்தன. அவற்றை நம்பாமல் ரப்பர் மிதவைக்குத் தாவியவர்களில் சிலர்தான் திரும்பவில்லை. டோமி மறுபடி அதே பந்தயத்துக்குப் போய், 2023 ஏப்ரல் 29ஆம் தேதி இரண்டாவதாக வந்தார். முதலாவதாக வந்தவர் ஒரு பெண்மணி, தென் ஆப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷாஃபர். நம் பக்கத்துப் பெண்ணும் ஒருத்தி இருக்கிறாள். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் அவருடைய தோழி தில்னாவும், இருவருமே கடற்படை அதிகாரிகள், 56 அடி 'தாரிணி'யில் 2024 அக்டோபர் 2ஆம் தேதி கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே 29ஆம் தேதி திரும்பினார்கள். பல வருஷப் பயிற்சிக்குப் பிறகு, படகின் ஒவ்வொரு கயிற்றையும் அறிந்து கிளம்பினார்கள். தயாராகாவிட்டால் கிளம்பாமல் இருக்கவும் அவர்களால் முடிந்திருக்கும். இந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்.

படகு நிமிருமா, தண்ணீர் வெளியே போகுமா, விலகி ஓட இடம் இருக்கிறதா, ஓட்டத் தெரியுமா. இந்த நான்கையும் கேட்ட பிறகு ஐந்தாவது ஒன்று பாக்கி இருக்கிறது: "இன்று வேண்டாம்" என்று சொல்ல அவனுக்கு முடியுமா?

சுஹைலி ஓடிய அதே 1968ஆம் வருஷப் பந்தயத்தில் டொனால்ட் குரோஹர்ஸ்ட் என்று ஓர் ஆங்கிலேயரும் இருந்தார். மூன்று உடல்கள் கொண்ட படகு. நான் சொன்ன கட்டில் ஜாதி. அது தயாராகவில்லை என்பது மற்றெவரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பண உதவி செய்தவரோடு ஓர் ஒப்பந்தம் இருந்தது: காரியம் கெட்டால் படகை அவருடைய கம்பெனியே விலை கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். புறப்படுவதற்குக் கடைசி நாளாகிய அக்டோபர் 31ஆம் தேதி அவர் புறப்பட்டார். 1969 ஜூலையில் அந்தப் படகு அட்லாண்டிக்கில் ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்ததைக் கண்டார்கள். படகு முழுகவில்லை. கடன் முழுக்கிவிட்டது.

குரோஹர்ஸ்டைப் பற்றிப் புத்தகம் எழுதினார்கள், சினிமா எடுத்தார்கள். அவருடைய மன வேதனையை நாமும் அனுதாபத்தோடு அலசுகிறோம். நம் கரையிலோ, மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய பாவத்துக்காக அவர் சொன்ன விலைக்கு மீனைக் கொடுத்துக்கொண்டு, வலைக்கும் எண்ணெய்க்கும் மறுபடி அவரிடமே கையேந்தி, மூன்று நாள் அடுப்பு எரியாமல் நாலாம் நாள் கருத்த வானத்தைப் பார்த்துக்கொண்டே படகைத் தள்ளுகிறவனுக்கு மட்டும் பேராசை என்று பெயர்!

2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் என்று பெயர் சூட்டியபோது, குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் பலர் கரையை விட்டுப் போய் நாட்களாகியிருந்தன. அவர்கள் போனவை மோட்டார் படகுகள், பாய்மரம் அல்ல. ஆனால் கேள்வி ஒன்றுதான். கேரளத்தையும் சேர்த்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், அல்லது திரும்பவே இல்லை. "எச்சரிக்கையை மீறிப் போனார்கள்" என்று அப்போதும் சிலர் சொன்னார்கள். காதுக்கு எட்டாத எச்சரிக்கையை ஒருவன் எப்படி மீறுவான்?

நம் பக்கத்திலேயே பாருங்கள். பவானிசாகரைத் தாண்டிக் காட்டுக்குள் இருக்கிற தெங்குமரஹடாவுக்குப் போக மாயாற்றைப் பரிசலில் கடக்க வேண்டும். ஆற்றில் வெள்ளம் வந்தால் பரிசல்காரர் துடுப்பைக் கரையில் சாத்திவிட்டு, "இன்னிக்குத் தண்ணி செரியில்லீங்க" என்பார். அந்த ஒரு வார்த்தைதான் எல்லா அளவைகளுக்கும் மேலான அளவை. அதை அவர் சொல்லும்போது, "காசு கூடத் தர்றேன், போய்யா" என்று யாராவது அதட்டினால், அந்தப் பரிசல் அப்போதே கவிழத் தொடங்கிவிட்டது.

"அப்படியானால் எவன் வேண்டுமானாலும் எந்தப் படகிலும் போகட்டும் என்கிறீரா?" என்று கேட்பீர்கள். இல்லை. எந்தச் சிறு படகும் போகக் கூடாத நாட்கள் உண்டு. அன்று போகாமல் இருப்பதற்கு ஒருவனுக்கு உபதேசம் வேண்டாம். ஒரு நாள் சாப்பாடு வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை போடுகிறது அரசாங்கம்; 2024இல் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. கணக்குப் போட்டால் நாளைக்கு 131 ரூபாய். அது குறைவு என்பது ஒருபுறம் இருக்கட்டும், கொள்கையைக் கவனியுங்கள். கடலுக்குப் போகாதே என்று சொன்னால் அந்த நாளுக்கு ஈடு தர வேண்டும் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது. மீன் குஞ்சு பொரிப்பதற்காக மனிதன் கரையில் இருந்தால் ஈடு உண்டு. மனிதன் பிழைப்பதற்காகக் கரையில் இருந்தால்? துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிற ஒவ்வொரு நாளுக்கும், ஏற்றிய அன்றே, அந்த நாளின் கூலியைக் கையில் கொடுங்கள். அதற்குப் பிறகும் ஒருவன் போனால் பேராசை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நானும் உங்களோடு சேர்ந்து சொல்லுகிறேன்.